லண்டன் வக்கீலும் எங்கள் வாய்க்காலும்

ஆதிமூலம் என் வீட்டு வாசலில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றபோது, அதில் விஷம் கலந்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வேறு என்ன நினைப்பது? பதினோரு வருஷமாக என்னோடு பேசாதவன். மரக்காணம் உப்பளத்தில் அவன் பாத்திகளும் என் பாத்திகளும் பக்கத்துப் பக்கம். நடுவில் ஒரு வரப்புதான். உப்பளக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் வானூர் வியாபாரி ஒருவனை வைத்துக்கொண்டு, "பாய் உப்புல மணல் இருக்குது" என்று சொன்னான். பதிலுக்கு நான் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதில் எனக்கு நஷ்டமில்லை. தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கடல் தண்ணீர் ஏறி நிற்கும் கழியிலிருந்து உப்புத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் அவன் பாத்தியோரமாக ஓடி, பிறகு என் பாத்திக்கு வரும். சுனாமி வந்து அந்த வாய்க்கால் முழுக்க மணலைக் கொட்டிவிட்டுப் போனது. அவன் கழிக்குப் பக்கத்தில் இருப்பவன், வேறு பக்கமாக ஒரு வழி திறந்துகொண்டான். எனக்கு அந்த வாய்க்காலை விட்டால் கதியில்லை. போன வருஷம் டீசல் எஞ்சினை வாடகைக்கு எடுத்து இறைத்தேன். உப்பு விற்ற காசை எல்லாம் எஞ்சின் குடித்துவிட்டது. இந்தத் தை மாதத்துக்குள் வாய்க்காலை வெட்டவில்லை என்றால் பாத்தியைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

வெட்டுவதென்றால் ஆதிமூலத்தின் இடத்தில் ஆளை இறக்க வேண்டும். சங்கத்துக்காரர்கள் போய்க் கேட்டார்கள். "பாய் வந்து கேக்கட்டும், யோசிக்கறேன்" என்றானாம். நான் போய்க் கேட்பேனா?

அப்படிப்பட்டவன்தான் ஒரு கையில் ஹார்லிக்ஸும் இன்னொரு கையில் சாத்துக்குடிப் பையுமாக வந்து நின்றான். நான் மடவை மீன் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தேன்.

"எப்படி பாய் இருக்கற?" என்றான். சாவு வீட்டில் பேசுகிற குரல்.

"பாத்தா தெரியல?"

"தெரியுது. தைரியமா இருக்கற. அதான் வேணும்." என் தட்டை எட்டிப் பார்த்தான். "மீனெல்லாம் சாப்பிடலாமா? டாக்டர் ஒண்ணும் சொல்லலியா?"

"எந்த டாக்டர்?"

"சரி, விடு. மறைக்கணும்னு நெனக்கற. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன். நீ எழுதனதப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல பாய்."

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன். என்ன எழுதினேன் என்று கேட்பதற்குள் அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். என் சம்சாரம் மெஹரூன்னிசா அங்கேதான் இருந்தாள். அவள் காதில் விழாதபடி குரலை இறக்கி, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து என் தொடையருகே வைத்தான்.

"இந்தா, நீ கேட்ட பாஸ்புக் ஜெராக்ஸ். கம்ப்யூட்டர்ல அனுப்பச் சொல்லியிருந்த. அத எவன் நம்புவான்? அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

"ஒன் பாஸ்புக்கு எனக்கு எதுக்குப்பா?"

தெரியாததுபோல நடிக்கிறேன் என்று அவனுக்கு நினைப்பு. பெரிய ரகசியம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினான். "அப்புறம் பாய், அந்த லண்டன் வக்கீல். அவனுக்கு எதுக்கு அவ்ளோ பீஸ்? நம்ம திண்டிவனத்து வக்கீல் எழுதனா செல்லாதா?"

வெயிலில் நின்று மூளை உருகிவிட்டது என்று முடிவு கட்டினேன். எழுந்தவன் வாசற்படியில் நின்று திரும்பினான். "வாய்க்காலப் பத்தி யோசிக்காத. நாளைக்கே ஆள் எறக்கறேன். என் செலவு."

எனக்குத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது. கண்ணில் நீர் முட்ட இருமினேன். அவன் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனான்.

"அந்தப் பாட்டிலைத் தொடாத. என்னமோ கலந்திருக்கான்" என்றேன் மெஹரூன்னிசாவிடம்.

"சீல் கூட ஒடையலங்க" என்று அவள் அதை அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் நிஜமாகவே அவன் வாய்க்காலில் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு மனிதன் காரணமில்லாமல் நல்லது செய்தால் நான் பயப்படுவேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜெரால்டு கடைக்குப் போனேன். ஜெரால்டு முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவன். மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் வாங்கி பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டியிருந்தான். ஷார்ஜாவில் இருக்கும் என் மகன் ஷஃபி வாரம் ஒரு மெயில் போடுவான். ஜெரால்டு படித்துச் சொல்வான். நான் பதில் சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பான்.

அவன் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. பாஸ்வேர்டு அடிக்கும்போது அவனைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வேன். ஒற்றை விரலால் நானே தேடித் தேடி அடிப்பேன். ஏழு, எட்டு, ஆறு. ஆறு எழுத்தாவது வேண்டும் என்று மெஷின் கேட்டதால் அதையே இரண்டு தடவை. அல்லாஹ்வின் பெயருக்காகப் போடுகிற எண், அதில் எந்தத் திருடன் கை வைப்பான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஷஃபியின் மெயிலைத் திறந்ததும் ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான்.

"பாய், ஷஃபி எழுதியிருக்கறதப் படிக்கறேன். 'அத்தா, உங்க பேர்ல எவனோ எல்லாருக்கும் மெயில் அனுப்பறான். எனக்கும் வந்துச்சு. எடுத்த உடனே திட்டாம, அன்புக்குரிய நண்பரேன்னு ஆரம்பிச்சிருந்தது. அப்பவே அது நீங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. ஒடனே பாஸ்வேர்டை மாத்துங்க.'"

"என்ன அனுப்பனான்?"

ஜெரால்டு தேடி எடுத்தான். என் கணக்கிலிருந்தே போயிருந்தது. போன இடங்களைப் பார்த்தால் சங்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் இருந்தார்கள். சுனாமி நிவாரணத்துக்காகச் செயலாளர் எல்லோருடைய மெயில் முகவரியையும் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். சௌகரியமாக இருக்கட்டும் என்று ஜெரால்டு அதை அப்படியே என் கணக்கில் ஏற்றி வைத்திருந்தான். ஆதிமூலம் தன் மகள் அம்சவள்ளியின் முகவரியைச் சங்கத்தில் கொடுத்திருந்தான். அவள் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.

ஜெரால்டு இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "'அன்புக்குரிய நண்பரே, நான் ஒரு வியாபாரி. எனக்குத் தீராத நோய். டாக்டர் கையை விரித்துவிட்டார். என் வாழ்நாளில் நான் யாரையும் நேசித்ததில்லை, என் வியாபாரத்தைத் தவிர. எல்லோரிடமும் கடுமையாக நடந்துகொண்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் சொத்தில் ஒரு பங்கை உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். பாங்க் கணக்கு நம்பரை அனுப்புங்கள். லண்டனில் இருக்கும் என் வக்கீலுக்கு பீஸ் மட்டும் நீங்கள் கட்ட வேண்டும். யாரிடமும் சொல்லாதீர்கள்.'"

இதை வீட்டுக்கு வந்து மெஹரூன்னிசாவிடம் சொன்னேன். அவள், "நோயையும் சொத்தையும் விட்டா, மத்ததெல்லாம் சரியாத்தானங்க எழுதியிருக்கான்" என்றாள். அது பிறகு.

கடையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆதிமூலம் எனக்காக இரங்கவில்லை. என் பாத்தி தனக்கு வரப்போகிறது என்று நினைத்து அதற்கு வாய்க்கால் வெட்டுகிறான்.

"இது ஊரெல்லாம் சுத்தற திருட்டு மெயில் பாய். ஒங்க பாஸ்வேர்டு என்ன?"

"சொல்லமாட்டேன்."

"ஏழு எட்டு ஆறா?"

நான் கீபோர்டைக் கையால் மூடினேன்.

"இந்த ஊர்ல பாய் கடை எல்லாத்துக்கும் அதான் பாய் பாஸ்வேர்டு." அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் புதிதாக ஒன்றைப் போட்டேன். அதை உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

"இப்ப எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடறேன். அது நான் அனுப்பனதில்ல, யாரும் பணம் கட்டாதீங்கன்னு."

"போடு. ஆதிமூலத்துக்கு மட்டும் போடாத."

ஜெரால்டு என்னைப் பார்த்தான். "பாய், அந்தாளு பணத்த உட்டுடப்போறாரு."

"விடமாட்டான். கம்ப்யூட்டர்ல அனுப்பச் சொன்னதையே என் கையில கொண்டாந்து குடுத்தவன். வாய்க்கால் முடியட்டும், நானே சொல்றேன்."

"எனக்குப் பாவம் வரும் பாய்."

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவ இல்ல, ஃபாதர்கிட்ட சொல்லிடு."

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்துக்கொண்டேன். வாய்க்கால் முடிகிறவரை நோயாளியாக இருப்பது என்று முடிவு. பாதி நாளுக்கு மேல் படுத்தால் எனக்கு முதுகு வலிக்கும். அதனால் முனகலும் இயல்பாக வந்தது. அடுப்படியில் மெஹரூன்னிசா கரண்டியால் ஹார்லிக்ஸ் கலக்கும் சத்தம் கேட்டது. எனக்கில்லை, அவளுக்கு.

ஆதிமூலம் சாயங்காலம் தவறாமல் வந்தான். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"மேக்கால இருக்கற பாத்தி கொஞ்சம் பள்ளமா இருக்குது பாய். நெரவிடலாமா?"

"எதுக்கு?"

"எதுக்கா... சும்மாதான். பாக்க அழகா இருக்கும்."

"மூலைல ஒரு ஷெட்டு போடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச" என்று முனகினேன்.

"போட்டுட்டாப் போச்சு" என்றான் ஆசையோடு.

அவன் இல்லாத நேரத்தில் போய் எட்டிப் பார்த்தேன். ஆட்கள் நன்றாக, அகலமாக வெட்டியிருந்தார்கள். ஒரே ஒரு கோளாறு. வாய்க்கால் வெட்டும்போது கழிப் பக்கத்து வாயைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். இவன் அவசரத்தில் அதை முதலிலேயே திறந்துவிட்டு உள்ளே வெட்டிக்கொண்டு வந்தான். அந்த வாரம் கழியில் தண்ணீர் கீழே கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

என் வரப்புக்குப் பத்து முழ தூரத்துக்கு வாய்க்கால் வந்துவிட்டது. சனிக்கிழமை ஆதிமூலம் வேறு சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தான்.

"திங்கக்கெழம காலைல புதுச்சேரி போறேன் பாய். வக்கீல் பீஸ் கட்டிடலாம்னு. அம்சவள்ளி வளையல அடகு வெச்சு பணம் பொரட்டிட்டேன். அவ மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கா. போகட்டும், அப்புறம் சேத்து வாங்கிக் குடுத்துடலாம்."

எனக்கு முதுகில் உண்மையாகவே ஒரு பிடிப்பு வந்தது. இந்த ஆள் கம்ப்யூட்டரை நம்பமாட்டான், திருடனை நம்புவான் என்று நான் கணக்குப் போடவில்லை.

"கட்டாத" என்றேன்.

"ஏன்?"

"அந்த வக்கீல மாத்திட்டேன்."

"எப்ப?"

"நேத்து."

ஆதிமூலம் ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்தான். "வக்கீல மாத்தனியா, மனச மாத்தனியா?"

"வக்கீலத்தான்."

"வேற யாருக்கோ எழுதப் பாக்கறே. வாய்க்கால மட்டும் என் கையால வெட்டிக்கலாம்னு." பதினோரு வருஷத்துக்கு முந்தைய முகம் அவனுக்குத் திரும்ப வந்துவிட்டது. "நான் லண்டனுக்கே கட்டிக்கறேன். நீ மாத்தறதுக்கு முன்னாடி."

போகிற வழியில் ஆட்களையும் நிறுத்திவிட்டுப் போனான். மண்வெட்டிகள் கரையேறியதை என் வீட்டுப் பின்வாசலிலிருந்து பார்த்தேன்.

ஞாயிறு முழுக்க படுத்து யோசித்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் பணத்தைக் கட்டுவான், மனசு குளிரும், மிச்சத்தையும் வெட்டுவான். எனக்குத் தண்ணீர் வரும். உண்மையைச் சொன்னால் வாய்க்கால் அங்கேயே நிற்கும், என் பாத்தி காயும்.

வாய்க்காலுக்காக ஆதிமூலத்தை நான் ஏமாற்றலாம். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற விவகாரம். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஊர் பேர் தெரியாத ஒருவன் என் பெயரைப் போட்டு அவனை ஏமாற்றுவதா? அந்தப் பெண் பிள்ளையின் வளையல் வேறு.

திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்தேன். ஆதிமூலம் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பையை அக்குளுக்கு மாற்றினான்.

"எழுந்து ஓடியாந்துட்ட. என்னா வேகம்."

"எனக்கு ஒரு நோயும் இல்லப்பா. அந்த மெயில நான் எழுதல. என் கணக்க எவனோ திருடி எழுதனான். பணத்தக் கட்டாத, போனா வராது."

"நல்லா கத உடற."

"ஜெரால்ட கேளு."

"அவன் நீ சொல்றத அடிக்கறவன். அவனக் கேட்டா?" புதுச்சேரி பஸ் தூரத்தில் தெரிந்தது. ஆதிமூலம் பையிலிருந்து, அந்த மெயிலை அம்சவள்ளி தமிழில் எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினான். "யாரையும் நேசிச்சதில்ல, வியாபாரத்தத் தவிரன்னு எழுதியிருக்குது. ஒன்னப் பத்தி ஒன்னத் தவிர எவனுக்கு இவ்ளோ தெரியும்?"

"அதுக்கு அடுத்த வரி என்னா?"

"எல்லார்கிட்டயும் கடுமையா நடந்துக்கிட்டேன்."

"அதுக்கு அடுத்தது?"

"ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"பதினோரு வருஷத்துல ஒன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"ஒன் வாய்க்கால இத்தன நாளா ஏமாத்தி வெட்டிக்கிட்டேன். இப்ப கேக்கறேனா?"

ஆதிமூலம் என் முகத்தையே பார்த்தான். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

"கேக்கல" என்றான்.

"அப்புறம்?"

தாளை நான்காக மடித்தான், எட்டாக மடித்தான், பிறகு கிழித்தான். "அம்சவள்ளி அன்னிக்கே சொன்னா, இது டூப்பு மாதிரி இருக்குதுப்பான்னு. நான்தான் கேக்கல." கொஞ்ச தூரம் போனவன் நின்றான். "அப்ப நீ சாகப்போறதில்ல?"

"இப்போதைக்கு இல்ல."

"பாத்தி?"

"என் மவனுக்கு."

"நான் வெட்டன வாய்க்கால்?"

"நல்லா அகலமா வெட்டியிருக்காங்க."

"மிச்சத்த நீ செத்தப்புறம் வெட்டறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சங்கத்துக்குப் போய் பாத்தியைத் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்றுகூட விசாரித்துவிட்டேன். இடையில் பௌர்ணமி வந்தது.

பௌர்ணமிக்குக் கழியில் தண்ணீர் ஏறும். காலையிலேயே ஏறியது. அவன் முதலில் திறந்து வைத்திருந்த வாய் வழியாக, அவன் அகலமாக வெட்டிய வாய்க்காலில் சௌகரியமாக உள்ளே வந்தது. வெட்டாமல் விட்ட இடத்தில் வந்து முட்டி நின்றது. மேலே போக வழியில்லாமல் கரையைத் தொட்டது. அந்தப் பக்கம் ஆதிமூலம் உப்பு விளைவிக்கத் தரை மிதித்துப் பதமாக வைத்திருந்த பாத்திகள்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு என் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"பாய், கரை ஒடையப் போவுது. மம்முட்டி எடுத்துட்டு வா. இந்த மிச்சத்த வெட்டி ஒன் பக்கம் திருப்பி உட்டுடலாம்."

"நான் எப்பிடிப்பா வர்றது? சாகப்போறவன். மம்முட்டி புடிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அவன் என்னைப் பற்றியும் அந்த டாக்டரைப் பற்றியும் என் வம்சத்தைப் பற்றியும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாது. பதினோரு வருஷம் சேர்த்து வைத்ததெல்லாம் அதில் இருந்தது. நான் முழுவதையும் கேட்டுவிட்டு, குடையை மடக்கி வைத்து, பின்னால் மறைத்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவன் அந்தப் பக்கத்திலிருந்து வெட்டினான், நான் இந்தப் பக்கத்திலிருந்து வெட்டினேன். கடைசி மண் தானாகவே கரைந்து சரிந்தது. தண்ணீர் எங்கள் முழங்காலைத் தட்டிவிட்டு என் பாத்திக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அவன் பக்கத்துக் கரை ஒரு சாண் வெளியே தெரிந்தது.

இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். ஆதிமூலம் கையில் கொஞ்சம் மண்ணை அள்ளி என் பாத்திப் பக்கம் நீட்டினான்.

"மணல்தான் பாரு. அன்னிக்கு நான் சொன்னது பொய்யா?"

"அது ஒன் வாய்க்கால்லேர்ந்து வர்ற மணல்."

"அந்த ஹார்லிக்ஸத் திருப்பிக் குடு."

"பாதி தீந்துடுச்சு."

"விஷம்னியாமே, ஒங்க வீட்டம்மா சொன்னாங்க." மண்ணைத் தண்ணீரில் உதறினான். "பாதி பாட்டில் தீந்தும் ஒங்க வீட்ல ஒருத்தரும் சாகல. நீ சொல்றதுல எத பாய் நம்பறது?"